மளிகைச் சிட்டையும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது பலருக்கும் நினைவிருக்கும். துவரம்பருப்பும் அதே சமயத்தில் ஏறிக்கொண்டே போனது. எங்கள் வீட்டில் அந்த மாதம் இன்னொன்றும் நடந்தது. என் கணவர் வேலை பார்க்கும் இடத்தில் கூடுதல் நேர வேலையை நிறுத்திவிட்டார்கள். மாதம் ஆறாயிரம் ரூபாய் போயிற்று. வீட்டு வாடகை குறையாது, பள்ளிக் கட்டணம் குறையாது, மாமாவின் சர்க்கரை மாத்திரை குறையாது. கை வைக்க மிஞ்சியது அடுப்படி ஒன்றுதான்.

நாங்கள் மதுரையில் இருக்கிறோம். அத்தை, மாமா, நாங்கள் இருவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் என ஆறு பேர். அந்த மாதம்தான் முதல்முறையாகப் பில்களை எல்லாம் எடுத்துவைத்துக் கூட்டிப் பார்த்தேன். அரிசி, மளிகை, காய்கறி, எண்ணெய், சோப்பு வகையறா எல்லாம் சேர்த்து 13,400 ரூபாய். பால், மீன், கறி தனி. இன்று அதே செலவு பத்தாயிரத்து முந்நூறு, நானூறில் நிற்கிறது. இடையில் எண்ணெய் ஏறியது, பிள்ளைகளின் சாப்பாட்டு அளவும் கூடியது. எதையும் குறைத்துச் சாப்பிடவில்லை. அது எப்படி முடிந்தது என்பதை என்னைப் போல மாதக் கடைசியில் விரல்விட்டு எண்ணும் வீடுகளுக்காக எழுதுகிறேன்.

முதலில் நான் செய்தது எல்லோரும் சொன்ன வழி. ஊர் எல்லையில் ஒரு பெரிய தள்ளுபடி அங்காடி இருக்கிறது. எங்கள் தெருவில் பாதிப் பேர் மாதம் முதல் ஞாயிறு அங்கேதான் போவார்கள். நாங்களும் போனோம். தள்ளுவண்டி நிறைய எடுத்தோம். பில் 7,260 ரூபாய். பில்லின் அடியில் 'உங்கள் சேமிப்பு 1,914 ரூபாய்' என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. வீட்டுக்கு வந்து அந்தப் பில்லை அத்தையிடம் காட்டியபோது எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்று சொல்லி முடியாது.

அந்த மாதம் முடிந்து மறுபடி கூட்டிப் பார்த்தேன். 13,900. முந்தைய மாதத்தைவிட ஐந்நூறு கூடுதல்.

ஆயிரத்துத் தொள்ளாயிரம் மிச்சம் பிடித்த வீட்டில் ஐந்நூறு எப்படிக் கூடும்? பில்லை விரித்து வைத்து ஒவ்வொரு வரியாகப் பென்சிலால் குறித்தேன். சிட்டையில் எழுதிக்கொண்டு போன சாமான்களுக்கு ஆனது 5,080. மீதி 2,180 ரூபாய் சிட்டையில் இல்லாதவை. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா மூன்று, நூடுல்ஸ் பெரிய கட்டு, சோளச் செதில், முந்திரி, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற பிஸ்கட். எதுவும் கெட்ட பொருள் இல்லை. ஆனால் அன்று காலையில் வீட்டில் யாருக்கும் அவை தேவைப்பட்டிருக்கவில்லை.

அதைவிட முக்கியமானது இரண்டாவது விஷயம். 'உங்கள் சேமிப்பு' என்று அவர்கள் அச்சடிப்பது எதற்கும் எதற்கும் உள்ள வித்தியாசம்? பொட்டலத்தில் போட்டிருக்கும் எம்.ஆர்.பி.க்கும் அவர்கள் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம். துவரம்பருப்பு ஒரு கிலோ பொட்டலத்தில் எம்.ஆர்.பி. 215, அவர்கள் விலை 168, சேமிப்பு 47 என்று பில் சொன்னது. எங்கள் தெரு அண்ணாச்சி கடையில் அன்றைக்குச் சில்லறைப் பருப்பு கிலோ 166. சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுக்கும் பருப்புக்கு எம்.ஆர்.பி. கிடையாது. 215 ரூபாய் கொடுத்து நான் என்றைக்குமே துவரம்பருப்பு வாங்கியதில்லை. யாரும் கொடுக்காத விலையிலிருந்து கழித்துக் காட்டிய 47 ரூபாய் அது. உண்மையில் நான் இரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தேன்.

மறுநாள் பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றை எடுத்தேன். நாற்பது பக்க நோட்டு, பாதி எழுதாமல் கிடந்தது. ஒரு பக்கத்துக்கு ஒரு சாமான். துவரம்பருப்புக்கு ஒரு பக்கம், உளுந்துக்கு ஒரு பக்கம், நல்லெண்ணெய்க்கு ஒரு பக்கம். தேதி, கடை, எடை, கொடுத்த விலை, கடைசியாகக் கிலோவுக்கு என்ன விழுகிறது என்ற கணக்கு. இந்தக் கடைசிக் கட்டம்தான் உயிர். 200 கிராம், 450 கிராம், 850 மில்லி என்று ஆளுக்கொரு அளவில் கட்டி வைத்திருக்கும்போது கிலோவுக்கோ லிட்டருக்கோ மாற்றாமல் ஒன்றோடு ஒன்றை ஒப்பிடவே முடியாது.

மூன்று மாதம் எழுதினேன். அண்ணாச்சி கடை, தள்ளுபடி அங்காடி, பாண்டியன் கூட்டுறவு அங்காடி, மொத்தக் கடைகள் இருக்கும் கீழமாசி வீதி, உழவர் சந்தை, ரேஷன் கடை என்று ஆறு இடம். மூன்றாவது மாத முடிவில் நோட்டைப் புரட்டியபோது எனக்குத் தெளிவானது இதுதான்: எல்லாவற்றுக்கும் மலிவான கடை என்று மதுரையில் எதுவும் இல்லை. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு மலிவான இடம் இருக்கிறது.

தள்ளுபடி அங்காடி எதில் ஜெயிக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே நான் இன்றும் போகிறேன். சோப்பு, துணி சோப்புத்தூள், பாத்திரக் கட்டி, பற்பசை, ஷாம்பு, தேயிலைத்தூள், சத்துமாவு பானங்கள், நாப்கின், பிஸ்கட், பாக்கெட் கோதுமை மாவு. சுருக்கமாக, கம்பெனி பெயரோடு, எந்தக் கடையில் வாங்கினாலும் ஒரே பொருளாக இருப்பவை. இவற்றில் அண்ணாச்சி எம்.ஆர்.பி.யிலிருந்து ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் குறைப்பார். அங்காடியில் பத்து, பதினைந்து சதவீதம் குறைவு. சில நேரம் அதற்கும் மேல்.

அது எப்படிக் கட்டுப்படியாகிறது என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. போலியாக இருக்குமோ, பழைய சரக்காக இருக்குமோ என்று பயந்தேன். காரணம் வேறு. இந்த மாதிரி அங்காடி முறைக்கு நம் நாட்டில் எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்வது டிமார்ட்டை. ராதாகிஷன் தமானி 2002இல் மும்பை பவாயில் முதல் கடையைத் திறந்தார். கடைகளுக்குப் பெரும்பாலும் சொந்த இடம், அதனால் வாடகை இல்லை. சரக்கு கொடுப்பவர்களுக்குப் பணத்தை இழுத்தடிக்காமல் சில நாட்களிலேயே கொடுத்துவிடுவது, அதற்குப் பதிலாக விலையில் கூடுதல் கழிவு வாங்குவது. வேகமாக ஓடும் சாமான்களை மட்டும் அடுக்குவது, அலங்காரத்துக்குச் செலவழிக்காமல் இருப்பது. மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதி விலைக் குறைப்பாக நமக்கு வருகிறது. ஒரு பற்பசையில் அவர்களுக்குக் கிடைக்கும் லாபம் கொஞ்சம், ஆனால் ஒரு நாளில் எத்தனை பற்பசை போகிறது என்று பாருங்கள். இதில் மர்மம் எதுவும் இல்லை. நம்பி வாங்கலாம்.

அதே அங்காடி எதில் தோற்கிறது என்பதும் நோட்டில் இருக்கிறது. பருப்பு வகை, மிளகாய் வற்றல், மல்லி, சீரகம், மிளகு, புளி, முந்திரி, திராட்சை. முந்திரி 200 கிராம் பொட்டலம், எம்.ஆர்.பி. 320, விலை 219. நூறு ரூபாய் குறைவு என்று கை தானாக நீளும். கிலோவுக்கு மாற்றினால் 1,095. அதே வாரம் கீழமாசி வீதியில் அதே மாதிரி முழு முந்திரி கிலோ 920.

எண்ணெய் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் நான் நீண்ட நாள் ஏமாந்திருந்தேன். அங்காடியில் இரண்டு சூரியகாந்தி எண்ணெய்ப் பொட்டலங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று 119 ரூபாய், இன்னொன்று 134. இரண்டும் ஒரே உயரம், ஒரே பளபளப்பு. நான் எப்போதும் 119 ரூபாய்ப் பொட்டலத்தைத்தான் எடுப்பேன். நோட்டு எழுத ஆரம்பித்த பிறகுதான் அடியில் இருந்த சிறிய எழுத்தைப் பார்த்தேன். 119 ரூபாய்ப் பொட்டலத்தில் 850 மில்லி. 134 ரூபாய்ப் பொட்டலத்தில் முழு லிட்டர். 119ஐ 850ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டருக்குச் சரியாக 140 ரூபாய். பதினைந்து ரூபாய் குறைவு என்று நினைத்து எடுத்தது லிட்டருக்கு ஆறு ரூபாய் கூடுதல். எண்ணெயைப் பொறுத்தவரை எடையையும் பாருங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம் இருக்க வேண்டும். 800 கிராம், 810 கிராம் என்று இருந்தால் அது லிட்டர் இல்லை.

இப்போது பொட்டலங்களில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு என்ன விலை என்றும் அச்சிட வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. ஒரு கிலோவுக்கு, ஒரு லிட்டருக்கு மேற்பட்டதாக இருந்தால் கிலோ கணக்கில், லிட்டர் கணக்கில் இருக்கும். நல்ல விதி. ஆனால் அது எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்ட கணக்கு, கடைக்காரர் குறைத்துக் கொடுக்கும் விலைக்கு அது பொருந்தாது. அதனால் செல்போனில் ஒரு வகுத்தல் போட்டுவிடுவது நல்லது. ஐந்து விநாடி வேலை.

அரிசியிலும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரைக்கும் பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. விதித்தார்கள். அதற்கு மேற்பட்ட மூட்டைக்கும், சில்லறையாக நிறுத்துக் கொடுப்பதற்கும் வரி இல்லை. அதன்பிறகுதான் அரிசிக் கடைகளில் 26 கிலோ மூட்டை வர ஆரம்பித்தது. வீட்டில் அத்தை, "இது என்ன புது அளவு, 25 கிலோ சிப்பம்தானே எப்போதும் வாங்குவோம்" என்று கேட்டார்கள். வரிதான் காரணம் என்று நானும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1,500 ரூபாய் மூட்டையில் 75 ரூபாய் என்பது எங்கள் வீட்டில் ஒரு வாரக் கீரைச் செலவு. இப்போது 26 கிலோவாகவே வாங்குகிறோம், அதுவும் கிலோவுக்கு மாற்றிப் பார்த்துவிட்டு.

கீழமாசி வீதிக்கு மாதம் ஒருமுறை போகிறேன். அங்கே மொத்த வியாபாரம்தான் அதிகம் என்றாலும் ஐந்து கிலோ, பத்து கிலோ என்று வீட்டுக்காரர்களுக்கும் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. காலை பத்து மணிக்குள் போய்விட வேண்டும், அதற்குப் பிறகு மூட்டை இறக்கும் வண்டிகளுக்கு நடுவில் நடக்கவே முடியாது. அத்தையைக் கூட்டிக்கொண்டு போன முதல் நாள் அவர்களிடம் ஒன்று கற்றுக்கொண்டேன். கடைக்காரர் மூன்று சாக்கைத் திறந்து காட்டினார். மூன்றும் எனக்கு ஒரே துவரம்பருப்பாகத் தெரிந்தன. அத்தை ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார்கள். ஒன்றில் மாவு போலத் தூசி ஒட்டியது, அதை வைத்துவிட்டார்கள். இன்னொன்றில் உடைசல் அதிகம். மூன்றாவதில் ஒரு பருப்பைப் பல்லில் வைத்துக் கடித்தார்கள், 'டக்' என்று இரண்டாகத் தெறித்தது. "இது காய்ந்த பருப்பு, வருடம் முழுக்க வைத்தாலும் வண்டு வராது" என்றார்கள். கிலோ 154. ஐந்து கிலோ வாங்கினோம். பாக்கெட் பருப்பை யார் கடித்துப் பார்க்க முடியும்?

மொத்தமாக வாங்குவதில் நான் பட்ட அடியையும் சொல்ல வேண்டும். விலை குறைவு என்று ஒரே நாளில் ஐந்து கிலோ ரவை வாங்கினேன். ஐப்பசி மழை. மூன்றாவது வாரம் டப்பாவைத் திறந்தால் நூலாம்படை மாதிரி கட்டிக்கொண்டு புழு. மூன்று கிலோ குப்பைக்குப் போனது. அன்றிலிருந்து ரவை, மைதா, கடலை மாவு ஆகியவற்றை எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் மாதத் தேவைக்கு மேல் வாங்குவதில்லை. மாவாக உடைத்தவை தாங்காது, முழுதாக இருப்பவை தாங்கும். பருப்பு டப்பாவில் அத்தை வசம்புத் துண்டும் இரண்டு காய்ந்த மிளகாயும் போட்டு வைப்பார்கள். அரிசியில் வேப்பிலை.

வருடச் சாமான் என்று எங்கள் வீட்டில் இரண்டு. புளியும் மிளகாய் வற்றலும். மாசி, பங்குனியில் புதுப் புளி வரும். ராமநாதபுரம் முண்டு மிளகாயும் அந்தச் சமயத்தில்தான் வரத்து அதிகம். அந்த இரண்டு மாதத்தில் இருக்கும் விலைக்கும் ஐப்பசியில் இருக்கும் விலைக்கும் நடுவில் நோட்டில் ஒரு கிலோவுக்கு 50, 60 ரூபாய் வரை வித்தியாசம் எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரே நேரத்தில் நாலாயிரம் ரூபாய்க்கு எங்கே போவது? மாதச் சம்பளக்காரர்களுக்கு இதுதான் முட்டுக்கட்டை. நான் செய்தது இவ்வளவுதான்: முதல் மூன்று மாதத்தில் மிச்சமான பணத்திலிருந்து மாதம் 350 ரூபாய் எடுத்து ஒரு டப்பாவில் போட ஆரம்பித்தேன். பங்குனி வரும்போது கையில் பணம் இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவும் நானும் சேர்ந்து பத்து கிலோ புளி எடுத்துப் பாதிப் பாதி பிரித்துக்கொண்டோம். கொட்டை எடுத்து, நாரை உருவி, கல் உப்புப் போட்டு ஜாடியில் அழுத்தி வைக்க இரண்டு மதியம் ஆயிற்று.

ரேஷன் கடையைப் பற்றி எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது, ஆனால் அதை விட்டுவிட்டு இந்தக் கணக்கை எழுதினால் அது பொய்க் கணக்காகிவிடும். திருமணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் அட்டை ஒரு அடையாளச் சீட்டாக மட்டும் இருந்தது. அரிசி வாங்கினால் யாருக்காவது கொடுத்துவிடுவோம், பல மாதம் போவதே இல்லை. வரிசையில் நிற்கக் கூச்சம் என்பதுதான் உண்மையான காரணம். தமிழ்நாட்டில் அரிசி அட்டை வைத்திருக்கும் குடும்பத்துக்கு அரிசி விலை இல்லாமல் கிடைக்கிறது, 2011 ஜூனிலிருந்து அப்படித்தான். துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். வெளியில் பருப்பு 160 விற்கும் காலத்தில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோவை விட்டுவிட்டு நான் ஊர் எல்லைக்குப் பெட்ரோல் போட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

2023 செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். எனக்கு முன்னால் நின்றவர் என் மகன் படிக்கும் பள்ளியின் ஆசிரியை. அவர் இயல்பாகச் சிரித்து, "புழுங்கல் அரிசி வந்திருக்கிறது, இட்லிக்கு நன்றாக வரும்" என்றார். அவ்வளவுதான், என் கூச்சம் அங்கேயே போய்விட்டது. அவர் சொன்னது உண்மை. நான்கு பங்கு ரேஷன் புழுங்கல் அரிசிக்கு ஒரு பங்கு நல்ல உளுந்து போட்டு ஆட்டினால் இட்லி பூப்போல வருகிறது. இட்லி அரிசிக்கென்று மாதம் ஐந்நூறு ரூபாய் செலவழித்துக்கொண்டிருந்தோம், அது முழுக்க நின்றது. பருப்பை அரைமணி நேரம் ஊறவைத்து வேகவைக்கிறேன். பாமாயில் அப்பளம், வடைக்கு. ஊட்டி டீ கிடைக்கும்போது அதையும் வாங்குகிறேன், மாமாவுக்குப் பிடித்துவிட்டது. ரேஷனால் மட்டும் மாதம் எழுநூறு, எண்ணூறு ரூபாய் மிச்சம். நான் செய்த மாற்றங்களிலேயே பெரியது இதுதான். ரேஷன் என்பது இல்லாதவர்களுக்குத் தரும் பிச்சை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம் வரிப் பணத்தில் நம் அட்டைக்கு ஒதுக்கிய பொருள் அது. உண்மையிலேயே தேவையில்லாதவர்கள் விட்டுக்கொடுக்கட்டும், அது நல்ல காரியம். தேவையிருந்தும் கூச்சத்தால் விடுவது வேறு.

காய்கறிக்கு உழவர் சந்தை. இதில் மதுரைக்காரர்களுக்குப் பெருமைப்பட ஒன்று இருக்கிறது. மாநிலத்தின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று எங்கள் அண்ணாநகரில்தான் தொடங்கப்பட்டது. இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே அடையாள அட்டையோடு வந்து விற்பது என்பதுதான் ஏற்பாடு. மொத்த விலையைவிடக் கொஞ்சம் கூட, வெளிச் சில்லறை விலையைவிடக் குறைய என்று அன்றைய விலையை முடிவு செய்து வாசலில் பலகையில் எழுதி வைக்கிறார்கள். பலகையைப் படித்துவிட்டு உள்ளே போனால் பேரம் பேச வேண்டியதில்லை. நான் வாரம் இரண்டு நாள் காலை ஆறரைக்குப் போகிறேன். கீரை விற்கும் ஒரு பாட்டி, "தாயி, தண்டு முற்றிவிட்டது, இதை எடுக்காதே" என்று தன் கட்டையே தள்ளி வைப்பார். இரண்டு கட்டு வாங்கினால் கறிவேப்பிலையும் மல்லித்தழையும் கொசுறு. பெரிய அங்காடியில் கண்ணாடித்தாள் சுற்றி வைத்த கறிவேப்பிலைக்குப் பத்து ரூபாய் கொடுத்த நாட்களை நினைத்துக்கொள்வேன். எட்டரை மணிக்கு மேல் போனால் விலை இன்னும் இறங்கும், ஆனால் வெண்டையும் அவரையும் கழித்துப்போட்டதுதான் மிஞ்சியிருக்கும். கிழங்கு, பூசணி மாதிரி காய்களுக்கு மட்டும் தாமதமாகப் போவது சரி.

தள்ளுபடி அங்காடிக்குத் திரும்ப வருகிறேன். அங்கே போவதற்கென்று எனக்கு இப்போது சில பழக்கங்கள் இருக்கின்றன. மாதம் ஒருமுறைதான். போக வர 18 கிலோமீட்டர், ஸ்கூட்டருக்கு நாற்பது ரூபாய் பெட்ரோல். ஆட்டோவில் வந்தால் 250 ரூபாய், சோப்பில் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும். அதனால் ஸ்கூட்டரில் கொள்ளும் அளவுக்குத்தான் வாங்குவது. பிள்ளைகளைக் கூட்டிப்போவதில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகிறேன். சிட்டையில் இல்லாத ஒன்றை எடுக்கத் தோன்றினால் அதன் பெயரைச் சிட்டையின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்துவிடுகிறேன், அடுத்த மாதமும் தோன்றினால் வாங்கலாம் என்று. பின்பக்கத்தில் எழுதியவற்றில் பத்தில் ஒன்றுகூட முன்பக்கத்துக்கு வந்ததில்லை.

அடுக்கின் கீழ்த்தட்டைக் குனிந்து பார்க்க வேண்டும். கண்ணுக்கு நேராக இருப்பது பெரும்பாலும் விலை கூடிய கம்பெனி. இலவசம் என்று சேர்த்துக் கட்டியிருப்பவற்றில் தேதியைப் பார்க்க வேண்டும். முன்பு நான் வாங்கிய பிஸ்கட்டுக்கு இன்னும் ஆறு வாரம்தான் பாக்கி இருந்தது, அதற்குள் எட்டுப் பொட்டலத்தை முடிக்க நாங்கள் என்ன கடையா நடத்துகிறோம்? இன்ன தேதிக்கு முன் சிறந்தது என்பதும் இன்ன தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதும் ஒன்றல்ல. முதலாவது ருசிக்கும் மொறுமொறுப்புக்கும் சொன்னது. இரண்டாவது கடந்தால் தொடக்கூடாது.

பில்லைக் கடையை விட்டு வெளியே வரும்முன் சரிபார்க்க வேண்டும். ஒருநாள் அடுக்கில் 89 ரூபாய் என்று சீட்டு ஒட்டியிருந்த பாத்திரம் கழுவும் திரவத்துக்குப் பில்லில் 104 விழுந்திருந்தது. சலுகை முந்தின நாளோடு முடிந்துவிட்டது, சீட்டை எடுக்க மறந்துவிட்டோம் என்றார்கள். எனக்குப் பின்னால் பெரிய வரிசை. விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பதினைந்து ரூபாய் சம்பாதிக்க என் கணவர் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். செல்போனில் அந்தச் சீட்டைப் படம் எடுத்து வைத்திருந்தேன், காட்டினேன். மேற்பார்வையாளர் வந்து 89 ரூபாய்க்கே போட்டுக் கொடுத்தார். குரலை உயர்த்த வேண்டிய தேவையே வரவில்லை. அப்போதிருந்து சலுகைச் சாமான் எதை எடுத்தாலும் சீட்டைப் படம் எடுத்துக்கொள்கிறேன். பேசியும் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றாலோ எடை குறைந்தாலோ தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு அண்ணாச்சி கடையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நோட்டின்படி பார்த்தால் பல சாமான்களில் அவர் விலை இரண்டு மூன்று ரூபாய் கூடத்தான். ஆனால் 2020 ஊரடங்கில் என் கணவருக்கு இரண்டு மாதம் சம்பளம் வராதபோது, "சாமானை எடுத்துக்கொண்டு போங்கள் தங்கச்சி, நோட்டில் எழுதிக்கொள்கிறேன்" என்று சொன்னவர் அவர். ஆறாயிரத்துச் சொச்சம் பாக்கி. ஒருநாளும் வாசலில் வந்து கேட்டதில்லை. எந்த அங்காடியும் நம் பெயரில் அப்படி ஒரு பக்கம் திறக்காது. அதனால் பெருங்காயம், கடுகு, வெந்தயம், கட்டிச் சூடம், அப்பளம், முட்டை, அவசரத்துக்குக் கால் கிலோ சர்க்கரை என்று மாதம் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்காவது அவரிடம் வாங்குவது என்று வைத்திருக்கிறேன். இது தர்மத்துக்காக மட்டும் செய்வதில்லை. ஐம்பது கிராம், நூறு கிராம் தேவைப்படும் இடத்தில் அவர்தான் மலிவு. அங்காடியில் கால் கிலோ வெந்தயம் வாங்கி வண்டு பிடிக்க விடுவதைவிட அண்ணாச்சியிடம் ஐம்பது கிராம் வாங்குவது லாபம்.

மாதம் மூவாயிரம் ரூபாய் எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தால் ரேஷனில் எழுநூறுக்கு மேல், கீழமாசி வீதியிலும் வருடச் சாமானிலுமாக ஐந்நூறு, உழவர் சந்தையில் ஐந்நூறு, தள்ளுபடி அங்காடியில் அறுநூறு. மீதி அறுநூறு, எழுநூறு சிட்டையின் பின்பக்கத்திலேயே தங்கிவிட்ட சாமான்களால். உழைப்பும் இருக்கிறது, மறைக்கவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, இன்னொரு நாள் காலை, வாரம் இரண்டு விடியற்காலை. கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கும் இதெல்லாம் ஒத்துவராது. அவர்கள் ரேஷனையும் நோட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டால்கூடப் பாதி மிச்சம் கிடைக்கும். நோட்டை வருடம் முழுக்க எழுத வேண்டியதும் இல்லை. நான் மூன்று மாதம் விடாமல் எழுதினேன், இப்போது விலை மாறினால் மட்டும் ஒரு வரி சேர்க்கிறேன். முக்கியமான இருபது சாமான்களின் கிலோ விலை மனப்பாடமாகிவிட்டது. மகளும் கற்றுக்கொண்டாள். போன மாதம் தோழி வீட்டில் ஒரு சத்துமாவு டப்பாவைத் திருப்பிப் பார்த்து, "இது கிலோவுக்கு அறுநூறு விழுகிறதே அத்தை" என்று அந்த வீட்டுப் பெண்மணியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

நாற்பது பக்க நோட்டு முடிந்து எண்பது பக்கத்துக்கு மாறிவிட்டேன். முதல் பக்கத்தில் புளி. பத்து கிலோ, பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பாதி என்று எழுதியிருக்கிறேன். பங்குனிக்கு இன்னும் நாள் இருக்கிறது, அத்தை அதற்குள் ஜாடியைக் கழுவி மொட்டைமாடி வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டார்கள்.